இறக்கிய காரும் நாலு டயரும்

என் வயதுக்காரர்கள் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேடிக்கொண்டிருந்தபோது நான் டயர் சைஸ் தேடிக்கொண்டிருந்தேன். சின்னமனூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். என் கார் தரையோடு தரையாக நிற்பதைப் பார்த்து டீக்கடையில் தினமும் யாராவது ஒருவர், "என்னண்ணே, நாலு டயரும் பஞ்சரா?" என்பார். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். அப்புறம், "ஆமா, நாலும் பஞ்சர்தான். நீ வந்து வாயால ஊதி விடு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

தோட்டத்து பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது என் தொழில். மோட்டார் எரிந்துபோனால்தான் என் கடைக்கு ஆள் வரும். வருகிறவனும் தண்ணீர் பாய்ச்ச முடியாத கடுப்பில் வருவான். வாழை காய்கிறது, எப்போது கிடைக்கும் என்பதைத் தவிர அவனிடம் பேச்சு இருக்காது. எனக்கும் பேசத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் ஊருக்கும் சேர்த்துப் பேசுகிற வேலையை என் மனைவி பார்த்துக்கொண்டாள்.

கார் வாங்கியதே அவளுடைய நச்சரிப்பில்தான். வாங்கியபோது எல்லாக் கார்களையும் போல உயரமாகத்தான் இருந்தது. மேகமலைக்குப் போகவேண்டும் என்று உயிரை எடுப்பாள். போனால் மூன்றாவது வளைவிலேயே குமட்டும். அதற்காக முன்சீட்டுக் கதவின் பைக்குள் நாலைந்து பாலித்தீன் கவரும் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருப்பாள். "குமட்டுதுன்னா எதுக்குடி வார?" என்றால், "நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டு வந்து என்னத்தச் சொல்லப் போறீக? மலை இருந்துச்சும்பீக" என்பாள். நாலு வருடத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒரே மகள் அடுத்த வருடம் கல்யாணமாகி குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப்புக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள், ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று தேனிக்கு அலைன்மென்ட் பார்க்கப் போனேன். உத்தமபாளையத்து பாய் ஒருவர் அங்கே டயர் கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. காரை விட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து சக்கரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ரிம்முக்கு எந்த டயர், எது சத்தம் போடும், எது மழையில் வழுக்கும் என்று ஓயாத பேச்சு. என்னிடமும் கேட்டார்கள். ஒருத்தர்கூட, "ஒத்தையில எப்படிண்ணே இருக்கீக, சாப்பாட்டுக்கு என்ன பண்றீக?" என்று கேட்கவில்லை. சின்னமனூரில் எதிர்ப்படுகிற அத்தனை பேரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த நாற்காலி பிடித்துப்போனது.

அடுத்த வாரமும் போனேன். காரில் ஒரு குறையும் இல்லை. சும்மா போய் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் பதினேழு அங்குல அலாய் சக்கரம் நாலு வாங்கினேன், கறுப்பு நிறத்தில். அது வந்து மாட்டியதும் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் பெரிய இடைவெளி தெரிகிறது என்று யாரோ சொல்ல, ஸ்பிரிங்கை மாற்றிக் காரை இறக்கினேன். இறக்கியதும் அலைன்மென்ட் மாறியது. மறுபடி போனேன். ஒவ்வொரு சாமானும் இன்னொரு தடவை அங்கே போய் உட்காருவதற்கு ஒரு காரணம். கிறுக்குத்தனம்தான். ஆனால் சாயங்காலம் என்று ஒன்று தினமும் வந்து தொலைக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

டயர் சைஸ் என்பது தெரியாதவர்களுக்குப் பெரிய மர்மம். உண்மையில் கூட்டல் கழித்தல்தான். டயரின் பக்கவாட்டில் 205/45 R17 என்று அச்சடித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. கடைசி எண் சக்கரத்தின் அளவு, அங்குலத்தில். கம்பெனியில் இருந்து வந்தபோது என் காருக்கு 185/65, பதினைந்து அங்குலம். சக்கரத்தைப் பெரிதாக்கினால் அந்த அளவுக்கு ரப்பரைக் குறைக்க வேண்டும். மொத்த உயரம் ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்க வேண்டும். உயரம் கூடினால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், டயர் மட்கார்டில் போய் உரசும். இறக்கிய காரில் அந்த இடமும் பாதிதான் இருக்கும்.

அந்தக் கணக்குப்படி நான் 205/45 போட்டேன். ஒழுங்காகப் பொருந்தியது. ஆனால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் இருந்த ரப்பரில் கால்வாசி காணாமல் போய்விட்டது. சின்னக் கல்லில் ஏறினாலும் முதுகில் தெரியும். மார்க்கையன்கோட்டை ரோட்டில் ஒருதடவை போய் வந்தால் ராத்திரி ஒத்தடம் கொடுக்க வேண்டும். போகட்டும், நான் ஒருத்தன்தானே ஓட்டுகிறேன், யாருக்கு வலிக்கப் போகிறது என்று விட்டுவிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பேத்தி பிறந்தாள்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய்வீட்டில். தாய் இல்லாத வீட்டில் யார் பார்ப்பது? "நாங்களே பாத்துக்கிறோம்ணே, நீங்க ஒத்த ஆம்பள என்ன செய்வீக?" என்று மகளின் மாமியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல மனுஷி. இருந்தாலும் அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. வெந்நீர் வைக்கத் தெரியாதா எனக்கு? மகள் பிறந்தபோது தொட்டில் கட்டியவன் நான்தான்.

பேர் வைக்கிற அன்று லோயர் கேம்ப்புக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு எர்ணாகுளத்தில் வேலை, லீவில் வந்திருந்தார். சாப்பாடு முடிந்ததும் மகள் எல்லாரும் கேட்கும்படி, "அஞ்சாம் மாசம் பிள்ளைக்குத் தல நின்னதும் அப்பா வீட்டுல போய் ஒரு மாசம் இருந்துட்டு வாரேன்" என்றாள். நான் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள். அந்த நிமிஷம் எனக்கு வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்துவிட்டது. மாமியார் கொஞ்சம் யோசித்தார். "நானும் கூட வந்து நாலு நாள் இருந்து பாத்துட்டு விட்டுட்டு வாரேன்" என்றார். அப்புறம் வாசலுக்கு வந்து என் காரைப் பார்த்தார்.

"என்னண்ணே வண்டி இது? ஏறி உக்காரவா, தவழ்ந்து போகவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "சொல்லிப்புட்டேன். பச்சப்பிள்ள அசங்காம வந்து சேரணும். வழியில குலுங்குச்சு, கிலுங்குச்சுன்னா பாதியிலயே திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன்."

திருப்பிவிடுவார். அவர் சொன்னால் செய்கிற ஆள். அப்படித் திருப்பிவிட்டால் அடுத்தது பல் முளைக்கட்டும் என்பார், நடக்கட்டும் என்பார், பள்ளிக்கூடம் என்று வந்துவிடும். எனக்குத் தெரியாதா? அந்த ஒரு மாதம் போனால் போனதுதான்.

வாடகைக் கார் பிடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பாயும் கேட்டார். என் பேத்தியை முதன்முதலாக என் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், என் வாசலில் ஒரு கார் நிற்கும்போது அடுத்தவன் காரிலா? தலைகீழாக நின்றாலும் மாட்டேன் என்றேன். சரி, பழைய பதினைந்து அங்குலச் சக்கரங்களைத் திரும்ப மாட்டுங்கள் என்றார். அவற்றையும் பழைய ஸ்பிரிங்குகளையும் எப்போதோ விற்றுத் தொலைத்திருந்தேன். இருக்கிற டயர்களும் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. புது டயர் வாங்கத்தான் வேண்டும். எந்த சைஸ் என்பதுதான் கேள்வி.

"215/45 போடுங்கண்ணே" என்றார் பாய். "பின்னால நின்னு பாத்தா சும்மா கெத்தா இருக்கும்."

"பின்னால நின்னு பாக்க பிள்ளைக்கு வயசாகலய்யா."

"அப்ப இப்ப இருக்குற 205/45-ஐயே போடுங்க. உரசாது."

"உரசாது. ஆனா தூக்கிப் போடும்ல?"

மூன்றாவது ஒன்று இருந்தது. 205/50. அகலம் அதே, ஆனால் பக்கச்சுவர் பத்து மில்லிமீட்டர் கூடுதல். பள்ளத்தில் விழும்போது பிள்ளைக்கும் ரோட்டுக்கும் நடுவில் பத்து மில்லி ரப்பர் கூடுதலாக இருக்கும். அதற்கு விலை, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அதே பத்து மில்லி குறையும். காலியாக நிற்கும்போது கணக்குப் பார்த்தால் மிச்சம் இருப்பது மூன்று நூல். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பாய் கையை விட்டுத் தடவிப் பார்த்து, "இடது பக்கம் முன்னால ரெண்டு நூல்தாண்ணே இருக்கும். அந்த ஸ்பிரிங்கு கொஞ்சம் உக்காந்துருச்சு" என்றார்.

மனசு முழுக்க அந்தப் பத்து மில்லியில் போய் ஒட்டிக்கொண்டது. 205/50 மாட்டச் சொன்னேன்.

மாட்டியதும் சோதனை. பாய் கடையில் அதற்கு ஒரு முறை உண்டு. மட்கார்டின் உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்துவிடுவார்கள். காருக்குள் ஆள் எடைக்கு மூட்டைகளை ஏற்றி, வேகத்தடை மேலும் வளைவிலும் ஓட்டிவிட்டு வந்து பார்ப்பார்கள். டயர் எங்கே படுகிறதோ அங்கே சுண்ணாம்பு அழிந்திருக்கும். பக்கத்து அரிசிக் கடையில் சொல்லி மூட்டைகள் வந்தன. பின்சீட்டில் மகளுக்கு ஒரு மூட்டை, மாமியாருக்கு ஒன்று வைத்தோம். சரியாமல் இருக்க இரண்டுக்கும் சீட் பெல்ட் போட்டேன். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பாய் மூன்றாவது மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கக் கதவுக்கு வந்தார்.

"அது எதுக்கு?"

"முன்சீட்டுக்குண்ணே. அங்கன ஒரு ஆளை வெச்சு இடது பக்கம் ஒடிச்சுப் பாத்தாத்தான் சரியாத் தெரியும்."

"முன்சீட்டுல யாரும் வரல. எறக்கு."

"ஒரு சேஃப்டிக்கு..."

"எறக்குய்யா கீழ! சொல்றேன்ல?"

அந்தச் சத்தம் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது. நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் மூட்டையை இறக்கி ஓரமாக வைத்தார். நாலு வருடமாக அந்த சீட்டில் நான் எதையும் வைத்ததில்லை. காய்கறிப் பை வாங்கினாலும் பின்னால்தான் வைப்பேன். கதவுப் பையில் அந்த பாலித்தீன் கவர்கள் அப்படியே இருந்தன. அவள் உட்கார்ந்து ஊரையெல்லாம் விமரிசித்துக்கொண்டு வந்த இடத்தில் ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி வைக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

பின்னால் இரண்டு மூட்டைகளோடு பழனிசெட்டிபட்டி வரை போய் வந்தேன். வேகத்தடைகளில் வேண்டுமென்றே கொஞ்சம் விரட்டினேன். திரும்பி வந்து பார்த்தபோது நாலு பக்கமும் சுண்ணாம்பு வைத்தது வைத்தபடி இருந்தது. கார் முன்னைக்கு எவ்வளவோ மெதுமெதுவென்று வந்தது. சந்தோஷத்தில் நாற்காலிக்காரர்கள் எல்லாருக்கும் டீ சொன்னேன். பாய்க்கு வடையும் சேர்த்துச் சொன்னேன், அந்தச் சத்தத்துக்காக.

நல்ல நேரம் பார்த்து லோயர் கேம்ப்புக்குக் கிளம்பினேன். வீட்டை முந்தின நாளே கழுவி விட்டிருந்தேன். மகள் கிடந்த அதே கொக்கியில் தொட்டிலைக் கட்டியிருந்தேன். போகும்போது ரோட்டில் ஒரு பள்ளத்தைக்கூட விடாமல் மனசில் குறித்துக்கொண்டே போனேன், வரும்போது ஒதுங்குவதற்கு.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. மகள் பிள்ளையைத் துண்டில் சுற்றி நெற்றியில் பெரிய மைப்பொட்டாக வைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமியார் பையோடு வந்தார். படியில் ஒரு காலை வைத்தவர் நின்றுவிட்டார்.

"ஏண்ணே, மூணு பேராவா போறோம்?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க ஒண்ணு, மருமக ஒண்ணு, நான் ஒண்ணு. நல்ல காரியத்துக்கு மூணு பேரா யாராச்சும் கெளம்புவாகளா?"

"பிள்ளையோட நாலு தங்கச்சி."

"பல்லு மொளைக்காத பிள்ளைய யாரு ஆளுன்னு எண்ணுவாக? இவுகளும் வாராக." உள்ளே திரும்பி, "சட்டையப் போட்டுட்டு வாங்க!" என்று கணவரைக் கூப்பிட்டார்.

எத்தனை வாரமாகக் கணக்குப் போட்டேன். மில்லிமீட்டர் போட்டேன், நூல் போட்டேன், எடை போட்டேன். மூன்று பேர் என்பதை எண்ணத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இந்த எண்ணிக்கையெல்லாம் அவள் பொறுப்பு. அவள் இருந்திருந்தால் பேர் வைத்த அன்றே, "நாலாவது ஆளு யாரு?" என்று கேட்டிருப்பாள். அவள் இல்லாததை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வாசலிலும் பார்த்தேன்.

சம்பந்தி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஜீப் வைத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய மனிதர், உடம்பு அப்படியே கட்டுக்கோப்பாக இருக்கும். யாரையும் கேட்காமல் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். பின்னே, சம்பந்தி எங்கே உட்காருவார்? நான் என்ன சொல்லமுடியும்? உட்கார்ந்தவர் கதவுப் பைக்குள் கையை விட்டு ஒரு கவரை எடுத்து, "இது எதுக்கு மச்சான் இத்தன?" என்றார்.

"அம்மாவுக்கு மாமா. வளைவுல குமட்டும்" என்றாள் மகள் பின்னால் இருந்து. "குடுங்க, பிள்ள கக்குனா ஆகும்." கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

தெருவில் இருந்து மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் ஒடித்ததும் முதல் சத்தம் வந்தது. யாரோ கோரைப்பாயைச் சுருட்டி இழுத்த மாதிரி, சர்ரென்று. யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. நேராகப் போகும்போது இல்லை. அடுத்த இடது வளைவில் மறுபடி வந்தது, கொஞ்சம் நீளமாக. நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை வைத்து அழுத்தினான். கூடலூர் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சத்தத்தோடு காரும் ஒரு உதறு உதறியது. பிள்ளை வீறிட்டது. ரப்பர் கருகுகிற வாடை உள்ளே வந்தது.

"நிறுத்துங்கண்ணே!"

திராட்சைத் தோட்டத்துப் பந்தல் ஓரமாக நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். இடது முன் டயரின் வெளி விளிம்பு வழித்தெடுத்ததுபோல் பளபளத்தது. மட்கார்டின் உள்தகடு பிய்ந்து தொங்கியது. பாய் சொன்ன அதே இடம், அந்த இரண்டு நூல்.

மாமியாரும் இறங்கி, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "நான் அப்பவே சொன்னேன்ல? சகுனமே சரியில்ல. திருப்புங்க வண்டிய. பிள்ள நடை பழகட்டும், அப்பறமாப் பாத்துக்குவோம்" என்றார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போட்டால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மகள் காரில் இருந்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஏப்பா, நீங்க எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணித்தான மாட்டுனேன்னு சொன்னீக?"

"பண்ணுனேன் ஆத்தா. பின்னால ரெண்டு மூட்டைய வெச்சு ஓட்டிப் பாத்தேன்."

"முன்னாடி?"

நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தன் கையில் இருந்த பாலித்தீன் கவரைப் பார்த்தாள். அப்புறம் அதை நாலாக மடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. நடுரோட்டில் மகள் முன்னால் அழுதுவிடக்கூடாது என்று திராட்சைப் பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முன்சீட்டுல ஆள் இருந்தாத்தான் படுது" என்றேன், பந்தலைப் பார்த்தே. "அந்த சீட்டு காலியா இருந்தா பிரச்சினை இல்ல."

"அப்ப நான் எறங்கிப் பஸ்ல வாரேன் மச்சான், அதுக்கென்ன?" என்றார் சம்பந்தி. சொன்னதோடு இறங்கியும் விட்டார்.

அது எப்படி முடியும்? பின்சீட்டில் பிள்ளையோடும் பைகளோடும் இரண்டு பெண்கள், மூன்றாவது ஆளை அங்கே நெருக்கவும் முடியாது. முதன்முதலாகப் பிள்ளையைக் கூட்டி வருகிற வழியில் சம்பந்தியை நடுரோட்டில் இறக்கிப் பஸ் ஏற்றினேன் என்றால், அப்புறம் எந்த முகத்தோடு அவர் வீட்டு வாசலில் ஏறுவேன்? மனுஷர் ஜீப் ஓட்டியவர். இந்தக் கார் அவருக்கு எம்மாத்திரம்?

தொங்கிய தகட்டை டயரில் படாமல் மேலே மடக்கிவிட்டு, வீட்டுச் சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தேன். கார்ச் சாவியைச் சம்பந்தி கையில் வைத்தேன்.

"நீங்க ஓட்டுங்க. நான் பஸ்ல வாரேன்."

"அட, உங்க வண்டிய விட்டுட்டு நீங்க ஏன்..."

"ஓட்டுங்க மச்சான். வேகத்தடையில மட்டும் சாய்ச்சு ஏத்துங்க, அடியில தட்டும்." மாமியாரைப் பார்த்து, "இப்ப வண்டியில மூணு பேர் ஆயிருச்சே தங்கச்சி, பரவால்லையா?" என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

"அது வாசப்படி தாண்டும்போது பாக்குறது. நடுவழியில யாருண்ணே எண்ணிக்கிட்டு இருக்கா?" என்றார் அவர். பிள்ளை தோளில் தூங்கிவிட்டிருந்தது. அவர் ஒரு நிமிஷம் அதன் முகத்தைப் பார்த்தார். லோயர் கேம்ப் பக்கம் ஒருதரம், கம்பம் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து காருக்குள் ஏறினார்.

கார் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் ஒரு இடது வளைவு. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். சத்தம் இல்லை. என் கார் ஓடுவதை வெளியில் நின்று நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நான்தானே உள்ளே இருப்பேன்? கறுப்புச் சக்கரம் சுழல, தரையோடு ஒட்டிக்கொண்டு, அழகாகத்தான் போனது. என் குடும்பம் அதில் போனது. நான் ரோட்டோரத்தில் நின்றேன்.

குமுளியில் இருந்து வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. முன்னால் ஏலக்காய் மூட்டையோடு இரண்டு பேர் மலையாளத்தில் வழக்கடித்துக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் பஸ்ஸை வெகுநேரம் போட்டுவிட்டார்கள். கண்டக்டரிடம் சண்டைக்குப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை. போன் செய்யலாமா என்றும் யோசித்தேன். சம்பந்தி ஓட்டிக்கொண்டிருப்பார், பிள்ளை தூங்கும். வழியில் மறுபடி உரசியிருந்தால்? அந்த அம்மா மனசு மாறி உத்தமபாளையத்தில் வாடகைக் கார் பிடித்துத் திரும்பிப் போயிருந்தால்? ஒவ்வொரு நிறுத்தத்திலும் எதிரே லோயர் கேம்ப் பக்கம் போகிற கார்களுக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் நின்றவர், "எதுவும் தொலைச்சுட்டீகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

சின்னமனூரில் இறங்கி வேகமாக நடந்தேன். தெரு முனையில் திரும்பியதும் கார் தெரிந்தது. வாசலை ஒட்டிச் சரியாக நிறுத்தியிருந்தார் சம்பந்தி. சாக்கடைப் பக்கம் இரண்டு ஜோடிப் பெண்கள் செருப்பு, பக்கத்தில் சம்பந்தியின் செருப்பு, கழற்றிப் போட்டபடி கிடந்தன. பிள்ளைக்குக் காற்று படக்கூடாது என்று கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. தொட்டில் கொக்கி கிரீச்சென்றது. அதற்கு எண்ணெய் போட மறந்திருக்கிறேன்.

சட்டைப் பையில் சாவியைத் தேடினேன். இல்லை. அதைத்தான் கொடுத்துவிட்டேனே. மூன்று வருடமாக இந்தக் கதவைத் திறந்ததும் பூட்டியதும் நான் ஒருத்தன்தான், தட்டினால் யாரென்று கேட்க உள்ளே ஆள் கிடையாது. கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளே இருந்து மகளின் குரல் கேட்டது.

இன்னொரு தடவை அவள் கேட்கட்டும் என்று நின்றேன்.